தேசிக்காயில் முறிந்த ஷாப்ட்

கராஜுக்கு ஒருவரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்தே நம் முகமும் அப்படி ஆகிவிடுகிறது. ஸ்காபரோவில் இருபது வருடமாகக் காருக்கு அடியில் படுத்து எழும்புகிறேன். இதே தொழிலில் முதுகைத் தேய்த்தவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

பூசை

ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கும் சிவநேசன் அண்ணையிடம் ஐம்பது வயது தாண்டிய சிவப்பு அமெரிக்கக் கார் ஒன்று உண்டு. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், பெற்றோலைத் தண்ணீராகக் குடிக்கும். குளிர்காலம் முழுக்கப் போர்த்து வைத்திருந்துவிட்டு, ஏப்ரலில் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனார். ஐயர் நாலு சில்லுகளுக்கும் அடியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து, மெல்ல முன்னுக்கு எடுக்கச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுப்பதைக் கண்டதும் அண்ணைக்கு 'மெல்ல' மறந்துபோனது.

மிதித்த மிதியில் பின்சில்லு நசிந்த தேசிக்காயில் வழுக்கிச் சுழன்று, சட்டென்று தார் ரோட்டைப் பிடித்தது. சில்லைச் சுற்றவைக்கிற நீள இரும்புத் தண்டின், அதாவது டிரைவ் ஷாப்டின், பின்மூட்டு உடைந்து தண்டு நிலத்தில் விழுந்தது. இழுவை வண்டியில் காரோடு வந்து இறங்கியவர் சொன்னார்: "ஐயரிலை ஒரு பிழையும் இல்லைத் தம்பி, தேசிக்காய்தான் பெருசாப் போச்சு."

சனிக்கிழமை

அன்று செவ்வாய். இந்த வயதுக் காருக்கு மூட்டுத் தேடி எடுக்க ஒரு வாரமாவது வேண்டும் என்றேன். சனி காலையில் கார் ஓடவேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். காரணத்தை மெதுவாகத்தான் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மகள் வீட்டில் கேட்காமல் கல்கரியில் வேலை எடுத்துவிட்டாள். புறப்பட்ட அன்று அண்ணை அவளை இந்தக் காரில் ஏற்றவில்லை. பிள்ளை டாக்ஸி பிடித்து விமான நிலையம் போனாள். அதற்குப் பிறகு தாயோடு மட்டும்தான் கதை.

இந்தச் சனி மத்தியானம் அவள் வருகிறாள். மனைவியின் காரில் போய்க் கூட்டிவாருங்கள் என்றேன். மன்னிப்புக் கேட்கிற வாய் எங்கள் ஆம்பிளைகளுக்கு இல்லை, எனக்கும் இல்லை, ஆகவே அவர் சொன்னது எனக்கு விளங்கியது. "இந்தக் காரிலைதான் ஏறாதை எண்டனான். இந்தக் காரிலைதான் ஏத்தவேணும்."

மச்சானின் பார்சல்

வியாழக்கிழமை அஜக்ஸிலிருந்து அண்ணையின் மச்சான், தானே இணையத்தில் வாங்கிய மூட்டோடு வந்தார். பூட்டிப் பார்த்தேன். தண்டுக்குச் சரி, பின் அச்சுக்குச் சரியில்லை. முந்தி எவனோ ஒரு புண்ணியவான் வேறொரு காரின் பின் அச்சைக் கழற்றி இதற்குப் போட்டிருக்கிறான். ஒரு பக்கம் ஒரு அளவும் மறுபக்கம் இன்னொரு அளவுமாக ஒரு மூட்டு வேண்டும்.

இதை மூன்று தரம் விளங்கப்படுத்தினேன். மச்சான் என் கோப்பியைக் குடித்தபடி தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்ரநெற்றிலை பொருந்தும் எண்டுதான் கிடக்கு. நீர் கழட்டினதிலைதான் ஏதோ பிழை."

ஊசிகள்

சரியான மூட்டை வெள்ளிக்கிழமை ஹமில்டன் வரை போய் எடுத்துவந்தேன். அதன் மூடிகளுக்குள் தீக்குச்சியிலும் மெல்லிய இரும்பு ஊசிகள் வட்டமாக நிற்கும். ஒன்று சரிந்தாலும் வேலை கெட்டுவிடும். சனி காலை அண்ணை எனக்குப் பின்னால் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொன்னார். அவரை வெளியே அனுப்பியிருக்கவேண்டும், அனுப்பவில்லை. கடைசி மூடியை இறுக்கும்போது ஒரு ஊசி சரிந்து, மூடி வெடித்தது. பிழை என்னுடையதுதான். எனக்கு அழுகைதான் வந்தது.

என் வானிலாவது விமான நிலையம் போங்கள் என்று திறப்புக்கொத்தை நீட்டினேன். வாங்கவில்லை. விமானம் இறங்கியது, அண்ணையின் மனைவி போன் எடுத்தபடியே இருந்தா, அவர் பழைய ரயர் ஒன்றில் குந்தியிருந்தார். பிள்ளையை இரண்டாம் தரமும் டாக்ஸியில் விடுகிறீர்கள் என்று கத்திவிட்டேன். அதற்கும் எழும்பவில்லை.

பின்னேரம் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. தாய் இடம் சொல்லியிருக்கிறா. மகள் சூட்கேஸோடு இறங்கினாள். அண்ணை சுகம்கூடக் கேட்கவில்லை. ஷாப்டைக் காட்டி, முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு, ஹமில்டன், ஊசி என்று ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, மூண்டு வருசமா நான் வெயிட் பண்ணினது உந்தக் காருக்கு இல்லை."

புதன்கிழமை கார் ரெடி என்று நானே போன் எடுத்துச் சொன்னபோது, ஐந்து நாள் என் உயிரை வாங்கிய அந்த மனிதர், அதுக்கென்ன அவசரம் என்றார்.