ஏழு பேருக்கு ஒரு மேடை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். அன்று காலை அலுவலகத்தில் உட்கார்ந்து, மகளின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த அறிவிப்பைப் படித்தபோது இரண்டு காதும் சுட்டன. ஆண்டு இறுதிச் செய்திகள் என்று தலைப்புப் போட்டு நான்கு விஷயங்கள் எழுதியிருந்தார்கள். இரவல் பாடநூல்களைக் கிழிசல் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். துப்புரவுப் பணிக்கு வரும் அப்பாக்கள் மண்வெட்டி கொண்டுவர வேண்டும். நான்காவதுதான் என் காதைச் சுட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை விழா இந்த முறை நம் பள்ளியில் நடக்காது, கிள்ளான் பட்டணத்திலுள்ள பெரிய பள்ளியோடு சேர்ந்து அவர்கள் மண்டபத்தில் நடக்கும் என்று இருந்தது.

ஆறாம் ஆண்டில் மொத்தமே ஏழு பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள்.

எங்கள் தமிழ்ப்பள்ளி கிள்ளானுக்கு வெளியே மேருவில் இருக்கிறது. ஒரு பக்கம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் லோரிகள் நிறுத்தும் இடம். மகளை அங்கே சேர்த்தது நான்தான். பட்டணத்துப் பள்ளிதான் வேண்டும் என்று கணவர் ஒற்றைக்காலில் நின்றார். நான் இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். அந்த ஆறு வருடமும் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் என் நாத்தனார், "ஏழு பேரு படிக்கிறதெல்லாம் ஒரு ஸ்கூலா? டியூஷன் கிளாஸ் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடிப்பார். நான் பல்லைக் கடிப்பேன். ஆக, இது வெறும் விழாப் பிரச்சினை இல்லை. நான் செய்தது சரியா தவறா என்பதும் அந்த நான்காவது வரியில் மாட்டிக்கொண்டிருந்தது.

மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்த பாடநூல்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடக்க, அவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்கம்மா. நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றார். "நமக்கு ஹால் கிடையாது. டீச்சருங்க எல்லாருக்கும் வருசக் கடைசி வேலை கழுத்து வரைக்கும் இருக்கு. ஏழு பேருதானேம்மா. அங்க ஏர்கோன் ஹால், பெரிய மேடை."

"அங்க நம்ம பிள்ளைங்க பேரைக் கூப்பிடுவாங்களா டீச்சர்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்கே நூத்துக்கு மேல பிள்ளைங்க. அதெல்லாம் முடிஞ்சதும் நம்ம ஏழு பேரையும் ஒண்ணா மேடைக்குக் கூப்பிட்டு, சான்றிதழ் கொடுத்து, ஒரு குரூப் போட்டோ எடுப்பாங்க."

"பேரு?"

"பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லுவாங்க."

"அப்படின்னா நாங்களே இங்க செய்றோம். பெத்தவங்க எல்லாரும் சேர்ந்து செய்றோம்." மற்ற ஆறு வீட்டாரில் ஒருவரைக்கூட நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பைத்தியமா என்று பார்க்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "பிள்ளைங்க சாப்பிடுற கெண்டினைத் தரேன். சனிக்கிழமை காலையில நானும் வரேன். ஆனா ஏழு பேரும் இருந்தாத்தான். ஒரு பிள்ளை கிள்ளானுக்குப் போனாலும் நான் அந்தப் பிள்ளையோட அங்கதான் போகணும், இங்க நடக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

அன்று திங்கள்கிழமை.

ஐந்து வீடுகள் மறுநாளே சரி என்றன. ஒரு அம்மா அரிசிச் சேமியாவில் மீகூன் கிளறிக் கொண்டுவருவதாகச் சொன்னார். இன்னொருவர் தன் அக்கா நடத்தும் பாலர் பள்ளியிலிருந்து பட்டமளிப்பு அங்கிகளை இரவல் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஆறு வயதுக் குழந்தைகளுக்குத் தைத்த அங்கி பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஆறாவது வீட்டிலிருந்து மட்டும் ஒரு குரல் பதிவு வந்தது. "மன்னிச்சிருங்க லா. என் பையன் கிள்ளானுக்குத்தான் போறான்."

அவர் மேருவில் டயர் கடை வைத்திருப்பவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. புதன்கிழமை வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய்விட்டேன். ஒரு லோரிச் சக்கரத்தின் மேல் குனிந்து நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நம்ம பள்ளிக்கூடத்துல நடந்தா உங்களுக்கு என்ன கொறைச்சல்?"

"கொறைச்சல்தாங்க்கா." நிமிரவே இல்லை. "கெண்டின்ல நாலு மேசையைத் தள்ளிப் போட்டுட்டு, சிமிண்டுத் தரையில நிக்க வெச்சு சான்றிதழ் கொடுத்தா அதுக்குப் பேரு விழாவா? ஆறு வருசமா சின்ன ஸ்கூல், சின்ன ஸ்கூல்னு கேட்டுட்டான். ஒரு தடவையாவது என் பையன் பெரிய மேடையில ஏறி நிக்கணும்."

சண்டைக்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட அங்கே செல்லுபடியாகவில்லை. ஏனென்றால் அவர் கேட்டதும் நான் கேட்டதும் ஒன்றுதான். தன் பிள்ளை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அவரும் கேட்டார். கடையை விட்டு வந்து காரில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை ஒரு குத்துக் குத்தினேன். கைதான் வலித்தது.

வீட்டுக்குப் போனதும் அப்பாவின் அறைக்குப் போனேன். அப்பா எங்களோடுதான் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் நான் படித்தது ஒரு பெரிய பெண்கள் பள்ளி. ஆறாம் ஆண்டில் மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றிலும் நாற்பதுக்குக் குறையாத பிள்ளைகள். என் பிரியாவிடை விழாவுக்கு அப்பா ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கூட வேலை செய்தவரிடம் கேமரா இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மூன்று பேர் மேடை ஏறினார்கள். பிறகு ஒலிபெருக்கியில், "மற்ற மாணவர்கள் அனைவரும் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்கவும்" என்றார்கள். நின்றோம். கை தட்டினார்கள். உட்கார்ந்தோம். அவ்வளவுதான் என் ஆறு வருடம்.

பின் சுவரோரம் நின்ற அப்பா அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்தார். அதில் முகமே கிடையாது. வரிசை வரிசையாகப் பின்னந்தலைகள், எல்லாவற்றிலும் எண்ணெய் வைத்து வாரிய இரட்டைப் பின்னல், எல்லாவற்றிலும் வெள்ளை ரிப்பன். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் படத்தை எடுத்துக் காட்டி, ஒரு தலை மேல் விரலை வைத்து, "இதுதான் என் மகள்" என்பார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தலை. நான் ஒருநாளும் அவரைத் திருத்தியதில்லை. எனக்கும் தெரியாதே, எதைச் சொல்லித் திருத்த?

"அப்பா, அந்தப் படத்தைக் கொடுங்க. ஒருத்தருக்குக் காட்டணும்."

ஆல்பத்திலிருந்து உருவிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "இந்தா, இதுதான் நீ" என்று மூன்றாவது வரிசையில் ஒரு தலையைத் தொட்டார். சென்ற தடவை அது ஐந்தாவது வரிசையில் இருந்தது.

வியாழக்கிழமை மறுபடியும் டயர் கடைக்குப் போனேன். படத்தை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினார்.

"இதுல நீங்க எந்தத் தலைங்க்கா?"

"தெரியல."

சிரித்தார்.

"எங்கப்பா எடுத்த படம்ணே. அவருக்கும் தெரியல. ஹால் பெருசுதான், மேடையும் பெருசுதான். என் பேரை மட்டும் யாரும் சொல்லல."

சிரிப்பை நிறுத்திவிட்டார். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு தலையாகப் பார்த்தார், ஏதோ தேடினால் கிடைத்துவிடும் என்பதுபோல. பிறகு திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் சரிக்கா. ஆனா எனக்குப் பெரிய மேடை வேணும். அதுல மாத்தமே இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சக்கரத்துக்குக் குனிந்துவிட்டார்.

தோற்றுவிட்டேன் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் வரை கைப்பேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேலை பார்த்தேன். பன்னிரண்டரைக்குத் தலைமையாசிரியை கூப்பிட்டார். "அம்மா, அந்த டயர் கடைக்காரர் வந்தாரு. ஏழு பேரும் இங்கதான்னு கிள்ளானுக்குச் சொல்லிட்டேன். ஆனா அவரு கெண்டினை அளந்துட்டுப் போறாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியல."

அன்று வேலை முடிந்து நான் பள்ளிக்குப் போனபோது எதுக்கென்று தெரிந்தது. வாசலில் ஒரு லோரி. அது நிறைய, தொழிற்சாலைகளில் சரக்கு அடுக்கிவைக்கும் மரப் பேலட்டுகள். பக்கத்து அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கேட்டு இரவல் வாங்கியிருந்தார். அவரும் வேறு இரண்டு அப்பாக்களும் அவற்றை இரண்டடுக்காக அடுக்கி, கம்பி கட்டி, மேலே பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். கெண்டினில் பாதியை மேடை விழுங்கிவிட்டது.

"அண்ணே, பார்க்கிறவங்க எங்க உட்கார்றது?"

"உட்கார்றவங்க கொஞ்சப் பேரு. இடிச்சுக்கிட்டு உட்காரட்டும்" என்றார். அவருக்கும் என்னைப் போலவே ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. நானும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நல்ல மழை. ஏழு குடும்பங்களும், ஆசிரியர்களும், சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிலரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரவல் அங்கிகள் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டன. ஒரு பையனுக்குக் கை முழங்கை வரைதான் போனது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துத் தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டோம். என் அப்பா முன் வரிசையில், புதுச் சட்டையில்.

தலைமையாசிரியை மேடை ஏறி முதல் பெயரைச் சொன்னார். தகரக் கூரையில் மழை கொட்டியதில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவர் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "மழை விடட்டும். ஏழு பேருதானே, நேரம் இருக்கு" என்றார். காத்திருந்தோம். அதே 'ஏழு பேருதானே'தான். திங்கள்கிழமை அது என் காதைச் சுட்டது. அன்று கேட்க இதமாக இருந்தது.

மழை குறைந்ததும் மறுபடி எழுந்து, கையிலிருந்த தாளையும் மடித்துவைத்துவிட்டுப் பேசினார். டயர் கடைக்காரரின் மகனைக் கூப்பிட்டார். "நாலாம் ஆண்டுல திடல்லேர்ந்து ஒரு பாம்பு வந்துச்சு. நான் மேசை மேல ஏறிட்டேன், பொய் சொல்லக்கூடாது. இவன்தான் ஓடிப்போய் ஒண்ணாம் ஆண்டுப் பிள்ளைங்க வகுப்புக் கதவைச் சாத்தினவன்." பையன் அந்த நீளமான மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தான். பலகை கிறீச்சிட்டது. அவன் அப்பா கீழே நின்று, பையனைப் பார்க்காமல், பலகை தாங்குகிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைக்கத்தான் குனிந்தார்.

ஐந்தாவதாக என் மகள் பெயர். "இவ முதல்ல கை தூக்கவே மாட்டா. கேள்வி கேட்டுட்டு நான் பார்ப்பேன், யாருமே தூக்கலன்னா கடைசியா ஒரு கை மெதுவா வரும். அது இவ கை. நான் அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பேன்."

பன்னிரண்டு வருடம் நான் பெற்று வளர்த்த பிள்ளையைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை இன்னொருவர் ஒலிவாங்கியில் சொல்கிறார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். கணவர் தோளால் இடித்து, "நீ நின்னது சரிதான்" என்றார். நாத்தனார் அங்கே இல்லாதது ஒன்றுதான் எனக்குக் குறை.

மீகூன் தீர்ந்தது. எல்லாரும் கலையத் தொடங்கினார்கள். மதியத்துக்குள் பேலட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று டயர் கடைக்காரர் கம்பி வெட்டும் குறடோடு வந்தார். நான் மேடைக்குக் கீழே பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒரு நிமிசம் இருப்பா" என்றார் அப்பா அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏறும்மா."

"எதுக்குப்பா இப்ப?"

"ஏறுன்னா ஏறு." பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கண்ணுக்கு நேராக, அந்தக் காலத்துக் கேமராவைப் பிடித்ததுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஏறினேன். டயர் கடைக்காரர் கீழேயிருந்து என்னை ஒரு பார்வை, அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, உங்க பேரு என்ன?" என்று கேட்டார். ஆறு வருடமாக அவருக்கு நான் அக்காதான். சொன்னேன். அவர் இரண்டு கையையும் வாயருகே குவித்து, லோரியைப் பின்னால் எடுக்கச் சொல்லும் அதே குரலில், என் முழுப் பெயரையும் என் அப்பா பெயரையும் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார். நான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன்.

அப்பாவுக்கு இப்போது கை நடுங்கும். படத்தில் என் நெற்றிக்கு மேலே வெட்டுப்பட்டுவிட்டது, பாதி இடத்தை அவர் விரல் மறைத்திருக்கிறது, என் கையில் துடைப்பம் இருக்கிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைக் காட்டினார். எதன் மேலும் விரல் வைக்காமல், "என் மகள்" என்றார்.