நான் சமைத்த விளக்கு

போன கிழமை கடையில், மரக்கறிப் பக்கம், கோவாவுக்கும் லீக்ஸுக்கும் நடுவே ஒரு பெட்டி நிறைய றேபே வைத்திருந்தார்கள். மேல்பாதி ஊதா, கீழ்பாதி வெள்ளை, அடியில் மெல்லிய வால். எங்கள் நோக்கோலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். அந்தக் கிழங்கைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும், வெட்கத்தில்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சுவிற்சர்லாந்தில் வில் என்ற நகரத்தில் இருந்தோம். மனைவி பகலில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டும் அளவுக்குப் பதவி உயர்ந்திருந்தேன். மத்தியானச் சமையலுக்கும் பின்னேரச் சமையலுக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வுக்கு அங்கே ‘சிம்மர்ஸ்டுண்டே’ என்று பெயர். அறைக்குப் போய்ப் படுப்பதற்கான நேரமாம். நான் ஒருநாளும் படுத்ததில்லை. மகள் தர்சியைக் கிண்டர்கார்டனில் இருந்து கூட்டிவரும் நேரம் அது.

தர்சிக்கு ஐந்து வயது. வீட்டில் வாய் ஓயாது. கிண்டர்கார்டனில் ஒரு சொல் பேசமாட்டாள். சேர்ந்து மூன்று மாதமாகியும் அப்படியே இருந்தாள். ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு, எங்களுக்கு விளங்க வேண்டுமென்று மெதுவாகச் சொன்னார். நத்தார்ப் பண்டிகைக்குள் பேசாவிட்டால் நிபுணரிடம் காட்டவேண்டும், பேச்சு வராத பிள்ளைகளுக்கான வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றவும் வேண்டிவரலாம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன பஸ் காலையில் எங்கள் தெருவால் போகும். அதற்குப் பிறகு பஸ்ஸைக் கண்டால் மனைவி யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவாள்.

எனக்குக் கவலையோடு கோபமும் இருந்தது. அங்கே என்னத்தைப் படிப்பிக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. இலையுதிர்காலம் முழுக்க இதுதான் வேலை: காட்டுக்குக் கூட்டிப்போய்க் கஸ்தானியன் கொட்டை பொறுக்குவது, அதில் தீக்குச்சி குத்தி மாடு செய்வது, இலைகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குவது. அப்பிளைக் குறுக்கே வெட்டி நடுவில் இருக்கும் நட்சத்திரத்தைக் காட்டுவார்கள். பிறகு அதே பாதியைச் சாயத்தில் தோய்த்துக் கடதாசியில் அச்சுக் குத்துவார்கள். சமையலறையில் அப்பிளை அப்படி வெட்டினால் எனக்கு ஏச்சு விழும். புத்தகம் எப்போது தருவீர்கள் என்று ஒருநாள் ரீச்சரிடம் கேட்டேவிட்டேன். அது முதலாம் வகுப்பில் என்றார்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் தர்சி அந்தக் கொட்டைகளை நிலத்தில் வரிசையாக வைத்து, ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணுவாள். “அப்பா, இருபத்தொண்டு உருண்டு கட்டிலுக்குக் கீழை போட்டுது,” என்று என்னைக் குனியவைப்பாள். இருபதுக்கு மேல் எண்ண அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஞாபகமே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்போடு தோட்டத்துக்குப் போய், ஆளுக்கொரு றேபே தாங்களே பிடுங்கி வந்திருந்தார்கள். தர்சி தன்னுடையதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். பையில் ஒரு கடிதமும் இருந்தது.

“அப்பா, இது விளக்கு.”

“விளக்கோ? இது கறி, பிள்ளை.”

“இல்லை, விளக்கு. உள்ளை நெருப்பு வைக்கிறது.”

“ஓம், சட்டிக்குக் கீழை வைப்பம்,” என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். நல்ல பகிடி விட்டதாக நினைப்பு.

கடிதத்தில் எனக்கு விளங்கியவை: திங்கட்கிழமை, இரண்டு மணி, பெற்றோர், றேபே, கத்தி, கரண்டி. சமையலறையில் படித்த ஜெர்மன் அவ்வளவுதான் காட்டியது. மிச்சத்தை நானே இட்டு நிரப்பினேன். கத்தி, கரண்டி, மரக்கறி என்றால் வேறு என்ன? பெற்றோர் சமைத்துக்கொண்டு போய் எல்லோருமாகச் சாப்பிடும் நாள். எங்களுக்குச் சனம் பை பையாக உடுப்பும் அப்பிளும் தந்த காலம் அது. பிள்ளையிடம் மரக்கறி கொடுத்தனுப்பியதும் எனக்குப் புதினமாகப் படவில்லை.

ஞாயிறு மத்தியானம் தர்சி நித்திரையாக இருக்கும்போது தோல் சீவி, துண்டு போட்டு, தேங்காய்ப்பால் விட்டுப் பிரட்டலாகக் காய்ச்சினேன். நல்லாகத்தான் வந்தது. எழும்பி வந்தவள் கிழங்கைத் தேடினாள். சட்டியைக் காட்டினேன். அவள் அழவில்லை. அன்று முழுவதும் என்னோடு கதைக்கவுமில்லை.

திங்கட்கிழமை ஒரு பெட்டியில் கறியும், பையில் கத்தியும் கரண்டியுமாகப் போனேன். மேசையெல்லாம் செய்தித்தாள் விரித்திருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னும் முழு றேபே ஒன்று. மெழுகுதிரி வைக்கத் தாய்மார் கரண்டியால் உள்ளே குடைய, பிள்ளைகள் வெளித்தோலில் பிஸ்கட் அச்சை அழுத்தி நட்சத்திரமும் நிலாவும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தர்சிக்கு முன்னால் வெறும் செய்தித்தாள். விளக்கு என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

ரீச்சர் வந்து, வழக்கம்போலப் பதிலை எதிர்பார்க்காமல், உன்னுடையது எங்கே என்று தர்சியிடம் கேட்டார்.

“டெ பாப்பி ஹெட் மினி றேபெ கெஸ்ஸெ,” என்றாள் தர்சி. அப்பா என் றேபேயைத் திண்டிட்டார் என்று அர்த்தம். அறை முழுக்கக் கேட்கும்படி, அந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே.

கரண்டிகள் நின்றன. ரீச்சர் சிரிக்கவில்லை. தர்சிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, முழுவதுமா என்று கேட்டார். முழுவதும் என்றாள் தர்சி. எப்படி என்று கேட்டார். தர்சி என் முதுகுப் பக்கம் கையைக் காட்டி, அதே ஜெர்மனில் நடுவே “தேங்காய்ப்பால்” என்று ஒரு சொல்லைப் போட்டு, முழுக் கதையையும் சொன்னாள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது. அதே நேரம் அழுகையும் வந்தது. என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை, பேசிவிட்டாள்.

மிஞ்சிக் கிடந்த ஒரு கோணல் றேபேயை ரீச்சர் தந்தார். சமையலறைக் கை எனக்கு அன்றைக்குத்தான் உதவியது. சுவர் மெல்லிசாக வரக் குடைந்தேன். அதைப் பார்த்து இரண்டு மூன்று தாய்மார் தங்கள் கிழங்கையும் என்னிடம் நீட்டினார்கள். கறியை ரீச்சர் இரண்டு கரண்டி சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தார்.

“வெக்கக்கேடு. ஆரிட்டையாவது கேட்டிருக்கலாமெல்லே,” என்றாள் மனைவி. பிறகு, “திருப்பிச் சொல்லுங்கோ, என்ன சொன்னவள்?” என்று என்னை மூன்று தரம் சொல்லவைத்தாள்.

அந்தக் கிழமையே ஒரு பின்னேரம், தெரு விளக்குகளை நகரசபை அணைத்துவிட, பிள்ளைகள் வரிசையாக அந்தக் கிழங்கு விளக்குகளோடு பாடிக்கொண்டு போனார்கள். மெழுகுதிரிச் சூட்டில் கிழங்கு மூடி கருகும் மணம் தெருவெல்லாம். தர்சியும் பாடினாள். பிறகு நிபுணர் பேச்சும் இல்லை, பஸ் பேச்சும் இல்லை. வசந்தம் வரமுதல் பொம்மையோடு ஜெர்மனில் கதைத்தாள். பள்ளிக்கூடம் போனபின் எங்களோடும். நாங்களும் பெருமைப்பட்டுக்கொண்டு, தமிழில் கதை என்று சொல்லாமல் விட்டுவிட்டோம்.

போன கிழமை அந்தக் கடையில் நின்றபடியே தர்சிக்குப் போன் எடுத்தேன். பேர்னில் வேலை செய்கிறாள். றேபே வந்திருக்கு, வாங்கட்டோ என்றேன். சமைக்கவா என்று ஜெர்மனில் கேட்டுச் சிரித்தாள். ரீச்சரிடம் சொன்ன அந்த வசனம் அவளுக்கு அப்படியே பாடம்.

“அதுக்கு முதல் எனக்கு ஒண்டு சொன்னனி, ஞாபகமோ?” என்று கேட்டேன். “இது விளக்கு எண்டு. தமிழிலை.”

கொஞ்சம் யோசித்தாள். இல்லை என்றாள், ஜெர்மனில். நான் அப்படிச் சொன்னேனா என்றாள்.

சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன்.