குழி திறக்கும் நாள்

கல்லைப் புரட்டுவதற்கு முன் சார் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். "உள்ள ஆள் இருக்காங்க. சொல்லாம கொள்ளாம கூரையைத் தூக்கலாமா?" பிறகுதான் மெல்லத் தூக்குவார். சுற்றிக் குந்தியிருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மரவட்டையைக் கண்டு யாராவது முகம் சுளித்தால் போச்சு. "அது உன்னைப் பார்த்து ச்சீன்னுச்சா? அதுக்கு இருக்கற மரியாதை உனக்கு இல்லையேடா!"

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மண்ணு சார். பேன்ட்டின் முழங்காலில் எப்போதும் இரண்டு வட்டம் ஈர மண். தோள்பையில் டீ வடிகட்டி, தேய்ந்த டூத் பிரஷ், ஜாம் பாட்டில் மூடிகள். சட்டைப் பையில் பேனா இருக்காது, நத்தை ஓடு இருக்கும். அவரைச் சிறந்த ஆசிரியர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பாடப் புத்தகத்தை எந்த வருடமும் முடித்ததில்லை. என் மகளுக்கு வாய்ப்பாடு இன்னும் தகராறுதான். ஆனால் பள்ளிச் சுவரோரத்து எறும்புகள் மழைக்கு முன் எந்தப் பக்கம் இடம் மாறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

அவருடைய பெரிய பாடம் ஒரு குழி. வருடத் தொடக்கத்தில் தோட்டத்து மூலையில் இலை, பருத்தித் துணி, பிளாஸ்டிக் கரண்டி மூன்றையும் புதைப்பார்கள். வருடக் கடைசியில் பெற்றோர் முன்னால் திறப்பார்கள். கரண்டி அப்படியே இருக்கும். மற்ற இரண்டும் இருக்காது. "அழிஞ்சுபோச்சுன்னு சொல்லாதீங்க. வேற வேலைக்குப் போயிருச்சுன்னு சொல்லுங்க" என்பார்.

துணி கொடுப்பது அவர் மனைவி. இந்த முறையும் பள்ளிக்கே கொண்டுவந்து, பிள்ளைகள் எதிரிலேயே கேட்டார்: "வீட்டுல இருக்கற தலையணை உறையெல்லாம் இப்படிப் புதைச்சா நான் எதுல தலை வைக்கறது?"

சில மாதங்களில் அந்த அம்மாவையே மண்ணில் வைத்துவிட்டு வந்தார். அடக்கத்துக்குப் பிள்ளைகளும் போயிருந்தார்கள். அதற்குப் பிறகும் கல் புரட்டினார், எறும்பு காட்டினார். குழி இருந்த மூலைக்கு மட்டும் போகவில்லை. மாறுவது வேறு, இல்லாமல் போவது வேறு என்று பிறருக்குச் சொல்லிவந்த மனிதர், தன் வீட்டுக்குள் அந்த வித்தியாசத்தை எங்கே தேடுவார் என்று நான் யோசித்ததுண்டு.

"இந்த வருஷம் அது வேண்டாமே, சார்" என்று தலைமையாசிரியை சொல்லிப் பார்த்தார்.

"திறக்காம விட்டா, இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் வெறும் கதைன்னு ஆயிடும்மா."

திறக்கிற அன்று நானும் நின்றிருந்தேன். பிள்ளைகளிடம் வழக்கமான தள்ளுமுள்ளு இல்லை. இரண்டு கொத்துக்குள் கரண்டி வந்தது; பழையதுதான். அடுத்து இலை. பச்சைப் பசேலென்று, காம்பில் பால் கசிந்தபடி. கூடவே இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. முந்தைய நாளே பிள்ளைகள் தோண்டிப் புதிதாக வைத்து மூடியிருக்கிறார்கள்.

"அழுகல சார்!" என்றாள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி. "பாருங்க, அழுகவே இல்ல. எல்லாம் அப்படியே இருக்கு."

"ஆமா சார், ஆமா சார்" என்றார்கள் மற்றவர்கள்.

நான் வாயெடுப்பதற்குள் என் மகள் சட்டையை இழுத்தாள். "பேசாம இருப்பா. ஆன்ட்டியும் மண்ணுக்குள்ளதானே இருக்காங்க? அழுகினதைப் பார்த்தா சார் அழுவாருல்ல."

அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா. பச்சையாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு குழியோரம் மண்டியிட்டார். இலையை இடக்கையில் பிடித்தபடியே, வலக்கை விரல்களால், பழைய துணி மட்கிய அடி மண்ணைச் சுரண்டினார். கறுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று ஒரு பிடி வந்தது. அதை முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நீளமாக மூச்சு இழுத்தார். கண் திறந்ததும் உள்ளங்கையை விரித்து, பல் விழுந்த அந்தச் சிறுமியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.