வெள்ளிக்கிழமைக்குள் ஓட வேண்டிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்து, முதல் முறையாகத் திரையில் வெளிச்சம் வந்தபோது, ரேமைத் தப்பாக வாங்கிவிட்டோமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. சந்தோஷம் அதற்கப்புறம்தான் வந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். ரேமிலிருந்து சந்தேகம் மதர்போர்டுக்குப் போனது, அங்கிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது.

நான் எதை வாங்கினாலும் இப்படித்தான். மகளுக்கு ஸ்கூல் ஷூ வாங்கிக்கொண்டு வரும்போதே ஒரு அளவு பெரிதாக எடுத்திருக்கலாமோ என்று நினைப்பேன். பெரிதாக எடுத்திருந்தால் தடுக்கி விழுவாளே என்றும் நினைத்திருப்பேன். ஆனால் ஷூவில் இருப்பது ஒரே ஒரு முடிவு. கம்ப்யூட்டரில் எட்டு பத்து முடிவுகள், ஒன்றோடொன்று கை கோர்த்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைச் சந்தேகப்பட்டால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாக வேண்டும்.

அதை வாங்கியது வெள்ளிக்கிழமைகளுக்காக. என் கணவர் கத்தாரில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் அங்கே லேப்டாப்பைத் திறப்பார், நான் கடலூரில் என்னுடையதைத் திறப்பேன். ஆளுக்கொரு லாரி ஓட்டுகிற விளையாட்டு. அவர் லாரி முன்னால் போகும், என்னுடையது பின்னால் போகும். ஏதோ குளிர் தேசத்துச் சாலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு காதில் ஹெட்செட்டோடு பேசிக்கொண்டே போவோம். போனில் பேசினால் எங்களுக்குச் சாப்பாடு, மகளின் சளி, ஸ்கூல் ஃபீஸ் தவிர வேறு பேச்சு வராது. லாரி ஓட்டும்போது மட்டும், கண் சாலையில் இருப்பதாலோ என்னவோ, வேறு பேச்சு வரும். லிஃப்டில் தனியாகப் போக அவருக்குப் பயம் என்பதைக் கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து, பனி கொட்டுகிற ஒரு மலைப்பாதையில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார்.

கல்லூரிக் காலத்து என் லேப்டாப் செத்துப்போன பிறகு அந்த வெள்ளிக்கிழமைகளும் நின்றுபோயின. கடையில் பூட்டித் தருவதை வாங்கிக்கொள் என்று அவர் சொன்னார். நானே பார்த்து வாங்கி, நானே பூட்டுகிறேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

பாகங்களைச் சிதம்பரத்தில் வாங்கினேன். என் பிறந்த வீடு அங்கேதான். கடைக்காரர் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார், ஒன்றுக்கு மட்டும் அவருக்கு மனசு ஆறவில்லை. சத்தம் போடாத விசிறிகள் வேண்டும், விளக்கே இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தேன். ஹாலில் மகளின் கட்டில் பக்கத்தில்தான் கம்ப்யூட்டர் இருக்கப்போகிறது. அவள் தூக்கம் கலையக் கூடாது.

"என்னாக்கா, கேமிங் பிசிய லைட்டு இல்லாம கேக்குறீங்க. கல்யாண வூட்ல சீரியல் செட்டு போடாத மாதிரி இருக்கும்."

"எங்க வீட்ல கல்யாணம் எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணா. புள்ள தூங்கணும்."

கணவருக்கும் கலர் விளக்கு ஆசை இருந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாங்கியதிலேயே எனக்குச் சந்தேகம் வராத பொருள் அந்த விசிறிகள் மட்டும்தான்.

ஹாலில் பாய் விரித்துப் பூட்டினேன். என் மாமியார் சோபாவில் உட்கார்ந்து, பள்ளிவாசல் கட்டுவதைப் பார்ப்பதுபோல் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாகத்தை எடுக்கும்போதும், "பிஸ்மில்லா சொல்லிப் பூட்டும்மா" என்றார். சூடு இறங்க பிராசஸர் மேல் பூசுகிற பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைக்க வேண்டும் என்று ஒருவரும், அது ஜாஸ்தி என்று இன்னொருவரும் இணையத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உளுத்தம்பருப்பைக் கொஞ்சம் தாண்டிய அளவில் வைத்தேன். எல்லாம் முடிந்ததும் மாமியிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"மாமி, இதுக்குள்ள தூசி மட்டும் போயிரக் கூடாது. தூசிதான் இதுக்கு விஷம்."

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்தால் ஜன்னல் விளிம்பில் மணல் படிந்துவிடும். மாமி தலையாட்டினார்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. எனக்குத்தான் அது போதவில்லை. புதுக் கம்ப்யூட்டரை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டுப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். முழு வேலையையும் அதன் தலையில் ஏற்றி, ஒரு மணி நேரம் தாங்குகிறதா என்று பார்ப்பது. திங்கட்கிழமை மதியம் அதைப் போட்டுவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஸ்கூட்டரில் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் தானாக அணைந்து கிடந்தது. மேலே கை வைத்தால் தோசைக்கல்லைச் சூடு பார்ப்பதுபோல் இருந்தது.

பயந்துதான் போனேன். ஆனால் பயத்துக்குள்ளேயே ஒரு ஆர்வமும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு பாகம் பொய் சொல்கிறது, அது எது?

முதலில் எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சந்தேகப்பட்டேன். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. இன்னும் பெரியதாக எடுத்திருக்கலாமோ? அடுத்து பிராசஸரைக் குளிர வைக்கிற கூலர். கழற்றி, துடைத்து, இந்த முறை சரியாகப் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து மாட்டினேன். செவ்வாய்க்கிழமை மறுபடி சோதனையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வந்தபோது மறுபடியும் அணைந்திருந்தது, அதே சூடு. இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டேன். அறை எவ்வளவு சூடு, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, விசிறிகள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் அளந்து சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். அதுதான் என்னை இன்னும் குழப்பியது.

அன்று கணவர் அழைத்தபோது சொல்லிவிட்டேன்.

"தானா ஆஃப் ஆவுதா? சூடாவுதா? புள்ள தூங்குற எடத்துல வச்சிருக்கியே!"

"அவ தூங்குறப்ப ஓட்டுறதில்ல மச்சான்."

"இல்ல, எனக்குப் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா கடையிலயே திருப்பிக் குடுத்துரு. அடுத்த லீவுல வந்து நான் பாத்து வாங்குறேன்."

அடுத்த லீவு அடுத்த வருஷம். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

புதன்கிழமை மகளுக்குச் சளி. பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு, சோதனையை ஓட விட்டு, எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம், பிறகு இன்னொரு மணி நேரம். அணையவில்லை. சூட்டைக் காட்டுகிற எண்கள் ஒரு இடத்தில் போய் நின்று அசையாமல் இருந்தன. நான் இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் நின்றுவிடுகிறது. மகளுக்குப் பால்குடி மறக்கடித்த நாட்களில் அவள் இப்படித்தான் செய்தாள். ஒரு இயந்திரம் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

வியாழக்கிழமை மகளை மாமியிடம் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு அம்மா, "டிவியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் மேசைமேல் வைத்து மதியம் வரை ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"இதுல ஒரு கோளாறும் இல்லக்கா. நீங்க வெளிய போனா அணையுதுன்னா, உங்கள விட்டு இருக்க மாட்டேங்குது போல. கூடவே கூட்டிட்டுப் போங்க."

"வெளையாடாதீங்கண்ணா. நாளைக்குள்ள சரியாவணும்."

"மனசு கேக்கலன்னா எஸ்.எம்.பி.எஸ்ஸ மட்டும் மாத்தித் தரேன். ஆனா சொல்லிட்டேன், அது நல்லாத்தான் இருக்குது."

நல்லதை மாற்றி வேறொன்றில் மாட்டிக்கொள்வானேன் என்று வேண்டாம் என்றேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது, மாற்றியிருக்கலாமோ என்று தோன்றியது. கடலூர் வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மகள் பள்ளிக்குப் போனாள். மதியம் கடைசியாக ஒரு முறை சோதனையைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டி ஸ்கூட்டரை எடுத்த பிறகுதான், பிள்ளையைக் கூட்டிவரப் பள்ளியில் காட்ட வேண்டிய அட்டையை மேசையிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி உள்ளே வந்தேன்.

மாமி ஹாலில் நின்றிருந்தார். இடுப்பில் முந்தானையைச் செருகி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். கையில் பழைய கெட்டிப் போர்வை. அதைக் கம்ப்யூட்டர் மேல் போர்த்தி, நான்கு பக்கமும் இழுத்துவிட்டு, காற்று புக முடியாதபடி அடியில் செருகிக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்திவிடுவதைப்போல் அவ்வளவு கவனமாக.

"மாமி!"

"அட்டைய வுட்டுட்டியா? தோ, மேசைல கெடக்குது பாரு."

"என்ன மாமி பண்றீங்க?"

"ஊடு பெருக்கப் போறேன். ஒட்டடையும் அடிக்கணும். நீதானம்மா தூசி போனா விஷம்னு சொன்ன? பெருக்கி முடிச்சி, தூசி அடங்குனதும் எடுத்துருவேன். தெனம் அப்படித்தான்."

"ஓடிட்டு இருக்கும்போதா?"

மாமி போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓடுதா? இதுவா? ஒரு சத்தம் இருக்குதா, ஒரு வெளிச்சம் இருக்குதா? டிவி பொட்டியும் கறுப்பா கெடக்குது. ஓடுதுன்னு நான் எப்படிம்மா கண்டேன்?"

திரை சில நிமிடத்தில் தானாக இருட்டாகும்படி நான்தான் வைத்திருந்தேன்.

"எடுக்கும்போது சூடா இல்லியா மாமி?"

"இந்த வெயில்ல எதும்மா சூடா இல்ல? பாத்ரூம் பைப்பத் தொறந்தாக்கூட வெந்நிதான் வருது."

புதன்கிழமை ஏன் அணையவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளை என் மடியில் தூங்கியதால் அன்று மாமி ஹாலைப் பெருக்கவில்லை. நான் சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்தேன். எது தப்பு, எது தப்பு என்று ஒவ்வொரு பாகமாகத் தேடினேன். யோசித்து, உறுதியாக நின்று வாங்கிய அந்தச் சத்தமில்லாத விசிறிகளைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். மாமி சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நான்தான் கெடுத்துட்டனா?"

"இல்ல மாமி. நான் சரியா சொல்லல. ஒண்ணும் கெடல."

"அவன்ட்ட சொல்லாத. ரூம்ல இருக்குறவனுங்க கிட்டல்லாம் சொல்லி சிரிப்பான்."

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிவரப் போனேன். பாதி வழியில்தான் யோசித்தேன்: காரணத்தைச் சொல்லாமல் சரியாகிவிட்டது என்றால் அவர் நம்புவாரா?

நம்பவில்லை. நாலரை மணிக்கு இருவரும் லாரியைக் கிளப்பினோம். ஹெட்செட் வயரை மகள் கடித்து வைத்திருந்ததால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டியிருந்தது. மாமி பட்டாணி உரித்துக்கொண்டு சோபாவில் இருந்தார். லாரிகள் ஊர் எல்லை தாண்டுவதற்குள் கணவர் கேட்டுவிட்டார்.

"எந்தப் பார்ட்டு?"

"பார்ட்டு எல்லாம் இல்ல மச்சான். காத்து சரியாப் போவல. இப்பப் போவுது."

"அப்ப கேபினட் தப்பு. காத்து போவாத பொட்டிய வாங்கிருக்க. நான் அப்பவே சொன்னன்ல? திருப்பிக் குடுத்துரு."

கேபினட் தப்பில்லை. அது எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரு பொருள் சரியான பொருள் என்று சந்தேகமே இல்லாமல் எனக்குத் தெரிந்தது அதுதான் முதல் முறை, அதை வாய் திறந்து சொல்ல முடியவில்லை. முன்னால் போகிற அவருடைய சிவப்பு லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பட்டாணி உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"குடுக்கவெல்லாம் வேணாம்." மாமி எழுந்து வந்து, ஸ்பீக்கருக்குக் காது கேட்காது என்பதுபோல் குனிந்து சத்தமாகச் சொன்னார். "அவ சரியாத்தான் வாங்கிருக்கா. நான்தான் போர்வயப் போட்டு மூடி மூடி வச்சேன். போதுமா?"

ஸ்பீக்கரில் கணவர் சிரிக்கிற சத்தம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். சிவப்பு லாரி வளைவில் திரும்பாமல் நேராகப் போய், வேலியை முறித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது.

"எங்க போனான்?" மாமி திரைக்குப் பக்கத்தில் வந்து தேடினார்.

"உங்க மவன் ஓடைல கெடக்கிறாரு மாமி."

"சிரிப்பு வந்தா வண்டிய ஓரமா நிறுத்திட்டுச் சிரிக்கணும். சின்னதுலேர்ந்து இதே வேலதான் இவனுக்கு." ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி, கயிறு கட்டி இழும்மா. புள்ள தண்ணிக்குள்ள நிக்குது."

என் லாரியில் கயிறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இதுவரை அதற்குத் தேவை வந்ததில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்க்கத் தொடங்கினேன்.