நிறுத்து சார் பணம் போட்ட கதை

இருபத்தாறு வருஷம் லிப்ட் பரிசோதகராக இருந்தவர் அவர். கட்டடத்துக்குள் நுழைந்தால் மொட்டை மாடி மோட்டார் அறையிலிருந்து அடியில் இருக்கும் குழி வரை பார்த்துவிட்டுத்தான் கையைத் துடைப்பார். இரும்புக் கயிற்றில் நாலைந்து இழை அறுந்திருந்தால் போதும், "நிறுத்துங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கட்டடச் சொந்தக்காரர் கெஞ்சினாலும் குதித்தாலும் மசியமாட்டார். அதனால் 'நிறுத்து சார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவி மருந்துக்கடை நடத்துகிறார். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட அந்த அம்மாளை "நிறுத்து சார் வீட்டம்மா" என்றுதான் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்காரப் பிடிக்காமல் ஸ்டார்ட்அப் கம்பெனிகளுக்கு ஆலோசகராகப் போக ஆரம்பித்தார். போக்குவரத்துச் செலவும் மாதம் ஒரு சிறு தொகையும் வாங்கிக்கொள்வார். பங்கு தருகிறோம் என்றால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். "நம்ம பணம் உள்ள போயிட்டா கண்ணு அது மேலயே இருக்கும். அப்புறம் மெஷினை யார் பாக்கறது?" என்பார்.

மூன்றாவதாக வந்த கம்பெனி, படியேறும் நாற்காலி செய்கிற கம்பெனி. லிப்ட் இல்லாத கட்டடங்களில் முழங்கால் போனவர்களை உட்கார்த்தி, ரப்பர் பட்டைகளில் ஊர்ந்து மாடி ஏற்றும் மின்சார நாற்காலி. அதைச் செய்தவர் ஒரு பெண் என்ஜினியர். விற்கப் பார்த்தவர் அவருடைய கொழுந்தன். என்ஜினியரின் கணவருக்கு வேறு வேலை. ஆனால் வீட்டை அடமானம் வைக்கக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். டயர் கடைக்குப் பின்னால் ஒரு பழைய அச்சகக் கூடத்தில் பட்டறை. அதன் நடுவில் சோதனைக்காக மரத்தில் பன்னிரண்டு படி கட்டியிருந்தார்கள். ஏறினால் கூரைதான் இடிக்கும்.

நிறுத்து சார் வாரம் ஒருமுறை வந்து, "இந்த போல்ட்டை மாத்துங்க, அந்த விற்பனையை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நாலாவது மாதம் ஒருநாள் என்ஜினியருக்குப் பொறுக்கவில்லை.

"சார், நாங்க வீட்டையே வச்சிருக்கோம். உங்க பணம் ஒரு ரூபாகூட இதுல இல்ல. அதனாலதான் நிறுத்துன்னு சொல்றது உங்களுக்கு இவ்வளவு ஈஸியா வருது."

கொழுந்தன் பதறிப்போய், "அண்ணி, விடுங்க" என்றான்.

"ஏன் தம்பி விடணும்? நம்ம மெஷின் நல்லா வரும்னு அவரே சொல்றாரு. நம்பினா போடட்டுமே."

அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பத்து நாள் யோசித்தார். ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் மூன்றில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்து, கம்பெனியில் பங்கு வாங்கிவிட்டார்.

"உங்க பணம், உங்க இஷ்டம்" என்றார் மனைவி. "ஆனா மருந்துக்கடையைக் கொஞ்சம் பெருசு பண்ணலாம்னு நான் நாயா கத்தினப்ப இந்தப் பணம் எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வாரம் மூன்று நாள் வந்தார். பேட்டரி விற்கிறவர்களிடம் கடை கடையாக ஏறி இறங்கி விலை குறைத்தார். "இப்பதான் சார் நம்ம ஆளு" என்று என்ஜினியரே சொன்னார்.

பெரிய முதலீட்டாளர்கள் பார்க்க வருவதற்கு மூன்று வாரம் இருந்தபோது, படி கழுவிய ஈரத்தில் நாற்காலியை ஏற்றிப் பார்த்த பட்டறைப் பையன் ஓடிவந்து, பட்டை வழுக்குகிறது என்றான். கொழுந்தன் நிறுத்து சாரைப் பார்த்தான்.

"என்ன சார் பண்ணலாம்?"

"அவங்க வர்ற அன்னிக்குப் படி காஞ்சிருக்கட்டும். பட்டையை அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. வேறொருவர் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். மூன்று நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. மருந்துக்கடையில் உட்கார்ந்து, கேட்காமலேயே அலமாரியை அடுக்கிக் கொடுத்தார். மனைவிக்கு அதுவே பயமாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் பட்டறைக்கு வந்து, ஒரு வாளித் தண்ணீரைப் படிகளில் ஊற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "ஓட்டுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. ஏழாவது படியில் பட்டை வழுக்கியது. நாற்காலி இரண்டு படி சரிந்து, பக்கக் கட்டையில் மோதி நின்றது. தோள்பட்டை வீங்கிவிட்டது.

"நிறுத்துங்க" என்றார். "அன்னிக்கு நான் சொன்னது ஆலோசனை இல்ல. என் பணம் பேசிச்சு."

என்ஜினியர் அவர் தோளில் ஐஸ் பையை வைத்தார்.

"பணம் போடாம இருந்திருந்தா நீங்க கீழ நின்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க சார்" என்றார். "நாற்காலில ஏறி உட்கார்ந்திருக்க மாட்டீங்க."

இரண்டில் எது சரி என்று அவரால் சொல்ல முடியவில்லை. பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாங்க அவர்களிடம் பணம் ஏது? அதனால் பங்கு இருந்தது. ஆலோசகர் வேலையை விட்டுவிட்டார்.

முதலீட்டாளர்கள் வந்த அன்று என்ஜினியரே ஈரப்படியில் ஆளில்லாமல் நாற்காலியை ஓட்டி, வழுக்குவதைக் காட்டினார். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனதோடு சரி. கொழுந்தன் ஒரு வாரம் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டு மாதம் கழித்து, கரடுமுரடான புதுப் பட்டை போட்ட பிறகு, வேறொருவர் கொஞ்சம் பணம் போட்டார். இதுவரை நாற்பத்தொரு நாற்காலி விற்றிருக்கிறது. நிறுத்து சார் போட்ட பணத்துக்கு லாபம் என்று எதுவும் வரவில்லை.

புது ஆலோசகர், பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்த ஓர் அம்மாள். பங்கு வாங்கமாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். இந்த வருஷப் பங்குதாரர் கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நிறுத்து சார், புது மோட்டார் சூடாகிறதா என்று கேட்கலாமா என்று இரண்டு முறை வாயெடுத்து அடக்கிக்கொண்டார். மூன்றாம் முறை கையைத் தூக்கிவிட்டார்.

"கேளுங்க சார்" என்றார் அந்த அம்மாள். "பங்குதாரராவா, பழைய ஆலோசகராவா?"

"பங்குதாரராத்தான். பயத்துல கேக்கறேன்" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மோட்டார் சூடாகத்தான் செய்தது. அந்த அம்மாள் குறித்துக்கொண்டார்.