சந்தைக்கு வந்த சக்கை மின்சாரம்

சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் பிரிவில் குப்பை கொட்டியவர்களுக்கு, பாய்லர் சூட்டைவிடச் சந்தைச் சூடு மோசம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாளைய கணக்கு

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆலை ஒன்றில் நான் ஷிப்ட் இன்ஜினியர். ஆலை ஓட்டத்துக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியம் வாங்கிக்கொண்டிருந்தது. கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகக் கேள்வி இல்லை. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் வெளியாருக்கு விற்பதென்று நிர்வாகம் முடிவெடுத்தது. சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. நாளைக்கு ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் எவ்வளவு தருவோம் என்று இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். குறைந்தால் அபராதம்.

பாய்லர் ஃபோர்மேன் கோவிந்தனிடம் இதை விளக்கினேன். வடக்கனந்தல்காரர், எதற்கும் பதறாதவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாளைக்கு கரும்பு வருமான்னே தெரியல. கரண்ட்ட மட்டும் இன்னான்னுங்க சொல்றது?”

வாங்க வந்தவர்

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நூற்பாலை முதலாளி வந்தார். ஒரு மாதம் வாங்கிப் பார்ப்பார், சரிப்பட்டால் தொடர்வார். அவரும் கைவிட்டால் எங்கள் டர்பைனை நிறுத்திவிட்டு, ஒப்பந்தக் கூலிகளை வீட்டுக்கு அனுப்புவதாக மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் நானே முதலாளியைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினேன்.

முகக்கவசத்தை இறக்காமலே டர்பைனைச் சுற்றி வந்தார். திருப்தியா என்று கேட்டேன். “வாரியத்துக் கரண்ட் நின்னா வாரியத்தத் திட்டிக்குவனுங்க. உங்களுது நின்னா உங்க மூஞ்சியப் பாத்தல்லங்க திட்டோணும்?” என்றார்.

மறியல்

அந்த மாதத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. ஒருநாள் காலையில் எலவனாசூர்கோட்டைப் பக்கம் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. கல்வராயன் மலைப்பக்கமிருந்து வந்த மழையில் எங்கள் சக்கைக் குவியல் நனைந்து, அடுப்பில் போட்டால் புகைதான் வந்தது. புதுக் கரும்பு அரைத்தால்தான் எரிகிற சக்கை கிடைக்கும். அன்றைக்குத் தருவதாகச் சொன்ன மின்சாரமோ முந்தின நாளே கொடுத்துவிட்ட வாக்கு.

பாய்லர் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கோவிந்தனைப் பொறுப்பில் விட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். சாலையில் முன்வரிசையில் இருந்தவர் எங்களுக்கே கரும்பு போடும் விவசாயி, கலியமூர்த்தி. அவருடைய டிராக்டரும் வரிசையில்தான் நின்றது. அவர் பிள்ளைகளின் படிப்புக்காக உட்கார்ந்திருக்கிறார். நான் கால்மணி நேரக் கணக்குக்காக வந்திருக்கிறேன். சொல்லவே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் டர்பைன் நின்றால் யார் யாருக்கு வேலை போகும் என்பதைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் மற்றவர்களோடு பேசினார்.

கொஞ்ச நேரத்தில் டிராக்டர்களுக்கு மட்டும் வழி விட்டார்கள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் தடுத்தார். “உங்க மிஷினுக்காவ வுடலங்க. வண்டி ஓட்றவங்க காத்தாலேர்ந்து பட்டினியா குந்திக்கினு கீறாங்க.”

கன்வேயர் ஓரம்

அன்று மாலைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. இடையில் ஏற்பட்ட குறை சிறியது; நிர்வாகம் அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்தது. மாதக் கடைசியில் போன் செய்த நூற்பாலைக்காரர் திட்டவில்லை, தொடர்வதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அந்த மாதத்தில் முதல்முறையாக டீ ஆறுவதற்குள் குடித்தேன்.

பிறகு கன்வேயர் பக்கம் போனேன். அங்கே சக்கை தள்ளும் பெண்களுக்கு மேஸ்திரி அஞ்சலை. நைனார்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். எப்போது கேட்டைச் சாத்துவீர்கள் என்று வாரக்கணக்கில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாத்தவில்லை என்றேன். முகத்தில் ஒட்டியிருந்த சக்கைத் தூளை முந்தானையால் துடைத்துக்கொண்டே, “அப்ப இன்னிக்கி வூட்டுக்குக் கறி எடுத்துக்கினு போறேங்க,” என்றார்.

மின்சாரச் சந்தைக்குக் கட்டுப்பாடெல்லாம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது எங்கேயும் போகவில்லை, எங்கள் கண்ட்ரோல் ரூமுக்குக் குடிவந்திருக்கிறது, அவ்வளவுதான்.