கல்லைத் தின்னும் மீன்

அண்ணன் செத்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. ஆவணியில் காய்ச்சல் வந்து போய்விட்டான். துக்க வீட்டில் வருடம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, புதுத்துணி கட்டக் கூடாது, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. நாங்கள்தான் பலகாரம் செய்யக் கூடாதே தவிர, மற்றவர்கள் கொண்டுவந்து கொடுக்கலாம். அங்கேதான் வம்பு. தேக்கா என்கிற பேட்டையில் நாங்கள் இருந்த சந்து முழுக்க நம் ஆட்கள். வீட்டுக்கு ஒருத்தி முறுக்குத் தட்டோடு வருவாள். தட்டை வைத்ததும் அழுவாள். அவள் அழும்போது நாங்கள் சும்மா இருக்க முடியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் அடுத்த தட்டு வாசலில் நிற்கும்.

“நாள் பூரா என்னால அழ முடியாது. எனக்கு இடுப்பு வலி” என்றாள் அத்தை.

அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டதால், அப்பாவின் தங்கச்சியான இந்த அத்தைதான் எங்களை வளர்த்தவள். அவள் புருஷன், என் மாமா, எதற்கும் சிரிக்கிற ஆள்.

“கோயிலுக்குப் போவக் கூடாது. சினிமாவுக்குப் போவக் கூடாது. சொந்தக்காரவங்க வீட்டுக்கும் போவக் கூடாது. மிச்சம் கடலுதான்லா இருக்கு” என்றார் மாமா.

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். “அண்ணன் போற தீவுக்குப் போலாம்” என்றேன்.

அண்ணன் போன நாளிலிருந்து அப்பா எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை.

அண்ணன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கூட வேலை செய்யும் மலாய்க்காரப் பையன்களோடு படகேறித் தெற்கே போய்விடுவான். அங்கே அக்கா தங்கச்சி மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் தீவுகள். மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்து, சைக்கிள் டியூபை அறுத்து வாராகப் போட்ட கண்மூடி ஒன்று வைத்திருந்தான். அதை மாட்டிக்கொண்டு முங்குவான். சாயந்திரம் கண் சிவந்து வந்து கதை விடுவான். தண்ணிக்கு அடியில் கல் பூப்பூக்கும் என்பான். பூவுக்குள்ளே மீன் குடித்தனம் நடத்தும் என்பான். எல்லாவற்றையும் விடப் பெரிய கதை, பச்சைக்கிளி நிறத்தில் ஒரு மீன் கல்லைக் கடித்துத் தின்னும், அந்தச் சத்தம் காதில் கேட்கும் என்பது. தின்ற கல்லை அது மணலாகப் பின்பக்கம் விடுமாம்.

அதோடு தெருவில் அவனுக்குப் புளுகன் என்று பேர் விழுந்துவிட்டது. “என்னப்பா, உங்க மீனு இன்னிக்கி செங்கல்லா, கருங்கல்லா?” என்று காப்பிக்கடையில் கேட்பார்கள். ஒருநாள் அப்பாவும் அங்கே இருந்தார். எல்லார் முன்னாலும், “ஒன் வாயில ஒரு நெசங்கூட வராதாடா?” என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி அண்ணன் அந்தக் கண்மூடியை என்னிடம் கொடுத்து, “ஒன்ன ஒருநாள் கூட்டிட்டுப் போறேன். நீயே பாத்துட்டு வந்து இவங்ககிட்ட சொல்லு” என்றான். கூட்டிப் போகவில்லை. கண்மூடி என் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கு மீனைப் பற்றிச் சந்தையில் பார்ப்பதற்கு மேல் தெரியாது. அண்ணன் சொன்னதில் பாதி பொய் என்று மட்டும் தெரியும். ஒரு கப்பல் கேப்டன் தன் மகளைக் கட்டிக்கொள்ளச் சொன்னதாகக்கூடச் சொல்லியிருக்கிறான். அதெல்லாம் பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும். இந்த மீன் ஒன்று மட்டும் நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. போய்ப் பார்த்து, அதுவும் இல்லை என்றால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

அத்தைக்கு ஒரு சந்தேகம். தீவுக்குப் போவது கொண்டாட்டத்தில் சேருமா? வெகுநேரம் யோசித்துவிட்டு அவளே தீர்ப்பும் சொன்னாள்.

“போலாம். ஆனா யாரும் சந்தோஷப்படக் கூடாது.”

“அது எப்பிடிடி?” என்றார் மாமா.

“நீங்க பல்லக் காட்டாம வாங்க. அது போதும்.”

தீபாவளி விடிந்ததும், முதல் முறுக்குத் தட்டு வருவதற்குள் கிளம்பிவிட்டோம். அத்தை புளிச்சோறு கிளறி, பித்தளைப் பானையில் அமுக்கி, உப்புத் தண்ணீர் தெறிக்கக் கூடாதென்று பானை வாயை வெள்ளைத் துணியால் கட்டினாள். படகில் மீன் நாற்றம் அடிக்கும், கீழே வைக்காதீர்கள் என்று அதை அப்பாவின் மடியில் கொடுத்துவிட்டாள். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காரியத்துக்கு எடுத்த மொட்டையில் அப்போதுதான் முடி முள்முள்ளாக வந்திருந்தது. அத்தையின் உத்தரவுப்படி மாமா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு வந்தார். பார்ப்பதற்கு அழுகையை அடக்குகிற மாதிரியே இருந்தது.

படகுக்காரர் வயசான மலாய்க்காரர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டார். என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கரை கண்ணுக்குச் சின்னதானதும் மோட்டாரை நிறுத்திவிட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். படகு அப்படியே ஆடிக்கொண்டு நின்றது.

“என்னாச்சு? எண்ணெ தீந்துபோச்சா?” என்றாள் அத்தை.

மாமா மலாயில் கேட்டார். அவர் அப்பாவின் மடியைக் காட்டி, பிறகு கடலைக் காட்டினார். அவசரமில்லை, மெதுவாகச் செய்யுங்கள் என்று மலாயில் சொன்னார்.

“பானையக் கடல்ல போடச் சொல்றான்! எதுக்கு? சோறுய்யா இது! நாசி! நாசி!” என்று கத்தினாள் அத்தை. மலாயில் சோறு என்கிற அந்த ஒரு சொல்தான் அவளுக்குத் தெரியும்.

படகுக்காரர் தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினார். நம் ஆட்கள் அஸ்தி கரைக்கும்போது சோற்று உருண்டையும் போடுவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருப்பார் போல. முதலில் சோறா, சரி, என்று கையை ஆட்டினார்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. துணியைப் பிரித்தாள். பானைக்குள் கையை விட்டாள். ஒரு பிடி அள்ளி, அவர் பார்க்க வாயில் போட்டு மென்றாள்.

அந்தப் பெரியவர் போட்ட சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. பின்னால் சாய்ந்ததில் கடலில் விழப் போனார். மாமாதான் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அப்பாவின் தோள் குலுங்கியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் சாங்கிக் கடற்கரைப் பக்கம் படகில் போய் அண்ணனைக் கரைத்தபோது, அவர் மடியில் இப்படித்தான் வெள்ளைத் துணி கட்டிய பானை இருந்தது. ஐயோ, அழ ஆரம்பித்துவிட்டாரே என்று பக்கத்தில் போனேன். அழவில்லை. சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர, பானையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

“அஸ்தின்னு நெனச்சிட்டான்... இவ அள்ளித் தின்னுட்டா...” அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மாமா அதுவரை கடித்துக்கொண்டிருந்த உதட்டை விட்டுவிட்டார். புளிச்சோற்று வாசனை மூக்கில் ஏறி விஷயம் புரிந்ததும் படகுக்காரரும் சிரித்தார். அத்தை மட்டும் பருக்கை ஒட்டிய கையை நீட்டியபடி, “சிரிக்காதீங்க, தீட்டு! சிரிக்காதீங்க!” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கே அடக்க முடியவில்லை.

மாமா கைகாட்டிய தீவில் இறங்கினோம். எங்களைத் தவிர யாரும் இல்லை. தென்னை மரம், வெள்ளை மணல், கண்ணாடி மாதிரி தண்ணீர். நான் பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு கண்மூடியை எடுத்தேன். படகுக்காரருக்கு எங்கள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஓடிவந்து கண்மூடியை வாங்கி, கண்ணாடியின் உள்பக்கம் த்தூ என்று துப்பித் தேய்த்தார்.

“அடப்பாவி! கண்ணுல போடுறதுல எச்சியத் துப்புறானே!” அத்தை அதைப் பிடுங்கிக் கடலில் அலசு அலசு என்று அலசிக் கொடுத்தாள்.

மாட்டிக்கொண்டு முங்கினேன். மூச்சுக்காற்று பட்ட மாதிரி கண்ணாடி புகைந்து ஒன்றும் தெரியவில்லை. படகுக்காரர் தூரத்திலிருந்து சிரித்தார். எச்சில் தடவினால்தான் புகையாதாம். கடைசியில் அத்தை, “வேத்து மனுசன் எச்சியவிட என் எச்சி மேலு” என்று அவளே துப்பிக் கொடுத்தாள். அதோடு விடாமல் படகுக் கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் போகப் போகப் பாவாடை பலூன் மாதிரி ஊதிக்கொண்டு மேலே வந்தது. கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்ததாக மாமா பிறகு சொன்னார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையை உள்ளே விட்டேன்.

கல் பூத்திருந்தது. பிழிந்து வைத்த இடியாப்பம் மாதிரி ஒரு கல், விரித்த விசிறி மாதிரி ஒரு கல். சேமியா மாதிரி ஆடிக்கொண்டிருந்த ஒன்றுக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் குட்டி மீன் எட்டிப்பார்த்தது. என்னைப் பார்த்ததும், வீட்டுக்காரி கதவைச் சாத்துகிற மாதிரி உள்ளே போய்விட்டது. சரி, இதுவரைக்கும் நிஜம். அந்தப் பச்சை மீனைக் காணோம்.

இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. மல்லாக்க விழுந்தேன்.

“ரொம்ப நேரமாத் தலையக் காணோம்டி!” என்றாள் அத்தை.

“இழுக்காதீங்க அத்தே! இன்னும் பாக்கல!”

மறுபடி முங்கினேன். மறுபடி இழுத்தாள். அதற்கடுத்த தடவை அப்பா வந்து கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மறுக், மறுக் என்று. தீபாவளிக்கு ஒரு வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து முறுக்குத் தின்றால் அடுத்த அறையில் எப்படிக் கேட்குமோ, அப்படி. திரும்பினேன். பச்சைக்கிளிப் பச்சை. கிளிக்கு இருக்கிற மாதிரியே மூக்கு. ஒன்றில்லை, கூட்டம். கல்லைக் கடிக்கின்றன, நகர்கின்றன, பின்னால் புகை மாதிரி மணலை விடுகின்றன. அண்ணன் ஒரு எழுத்துக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

கண்மூடிக்குள் தண்ணீர் ஏறியது. வார் லூஸாகிக் கடல் தண்ணீர் வந்துவிட்டதென்று இறுக்கிப் பார்த்தேன். அது கடல் தண்ணீர் இல்லை.

மேலே வந்து கத்தினேன். “இருக்கு! கல்லத் திங்குது! சத்தம் கேக்குது!”

“பாரு, அவன மாதிரியே ஆரம்பிச்சிட்டா” என்றாள் அத்தை.

அப்பா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, வேட்டியோடு தண்ணீரில் இறங்கி வந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். யாரும் சொல்லாமலே கண்ணாடியில் துப்பித் தேய்த்து மாட்டிக்கொண்டார். தலை உள்ளே போனது. வேட்டி மட்டும் வெள்ளையாக மிதந்தது. மூச்சுக்கு வெளியே வந்தார், எங்களைப் பார்க்கவில்லை, திரும்பவும் உள்ளே போனார். அப்படியே பலமுறை. புளிச்சோறு ஆறிப்போய், அத்தை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த பிறகுதான் கரையேறினார். கண்ணைச் சுற்றி மரச்சட்டத்தின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான் பதிந்திருக்கும்.

“என்னண்ணே, இருக்கா?” என்றாள் அத்தை.

அப்பா அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார். “நீ ஒக்காந்திருக்கியே, அந்த மணலு. அது பூரா மீனு பேண்டது.”

அத்தை துள்ளி எழுந்தாள்.

மறுநாள் அப்பா வெகுநாளைக்குப் பிறகு காப்பிக்கடைக்குப் போனார். நானும் டின்னில் காப்பி வாங்கப் போய் ஓரமாக நின்றேன். தீபாவளியன்று வீடு பூட்டிக் கிடந்ததே, எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பச்சை மீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கல், சத்தம், மணல், எதையும் விடவில்லை. முதலில் ஒருத்தர் குனிந்து சிரித்தார். பிறகு கடை முழுக்கச் சிரித்தது.

“மகன் விட்ட எடத்துலேருந்து அப்பன் ஆரம்பிச்சிட்டாருப்பா!”

“ஏங்க, ஒங்க வாயிலயும் நெசம் வராதா?”

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். “இருங்க, இன்னும் முடியல. அங்க பூவுக்குள்ள ஒரு மீனு குடித்தனம் நடத்துது” என்றார்.